தாள் போதும் என்று நான் எழுதிய பதில்

நீ போன துக்கத்தில்தான் நான் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று பசுமலையில் சொல்லிக்கொள்கிறார்கள். உன் முப்பதாம் நாளன்று யாரோ நம் நட்பை மெச்சி இரண்டு வார்த்தை பேசினார்களாம். அது தவறு. சிறுநீர் கசிகிறது, அடக்க முடியவில்லை, அதனால்தான் வருவதில்லை. துக்கம் இருக்கிறது, அது வேறு. கரும்பழுப்புச் சேலைகளும் கணவர் போனதற்காக அல்ல. ஈரம் தெரியக் கூடாது என்பதற்காக. இதில் பாதி உனக்குத் தெரியும். மறுபாதிக்காக எழுதுகிறேன்.

நேற்று உன் மகள் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தாள். "பெரியம்மா, ஒங்க பேரு இதுல அங்கங்க இருக்கு. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். நோட்டில் நீ நெற்றியில் பூசும் தைலத்தின் வாசனை. அது வந்ததுமே எனக்குப் பழைய எரிச்சலும் வந்துவிட்டது. உன் பயிற்சி வகுப்பு நோட்டு அது.

கான்வென்ட்டில் நான் முதல் ரேங்க். நீ என் கணக்கைப் பார்த்து எழுதுகிறவள். பிள்ளைகள் பெற்று, அறுபதைத் தாண்டிய பிறகு இருவருக்கும் ஒரே தொல்லை. டாக்டரிடம்கூடச் சொல்லாமல் நமக்குள்ளேயே வைத்திருந்தோம். சோழவந்தானுக்கு விசேஷத்துக்குப் போனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். அப்படியும் வழியில் சமயநல்லூரில் இறங்கி, ஒதுங்கிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்போம். "வயசானா இம்புட்டுதான்டி, விடு" என்பாய்.

மூன்று வருடங்களுக்கு முன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சிக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். சிறுநீரை அடக்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி. நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். குலுக்கல் முறையில் ஆளுக்கொரு ஒட்டிய உறை. என் உறையில் 'தாள்' என்றிருந்தது. பயிற்சியை அச்சடித்த ஒரு தாளைத் தந்து அனுப்பிவிட்டார்கள். உன் உறையில் 'வகுப்பு'. வாரம் ஒரு நாள் பிசியோதெரபிப் பெண் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவாள்.

"என்னடி, ஒனக்குப் பேப்பரு, எனக்கு டீச்சரு! எப்பவும் எனக்குத்தான் டியூஷன்" என்று வராந்தா அதிரச் சிரித்தாய். வகுப்பில் கற்றதை மற்றக் குழுவுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி. பள்ளியில் ஒரு விதியையும் மதிக்காத நீ, அதை மட்டும் அப்படியே கடைப்பிடித்தாய். நான் கேட்கவும் இல்லை. உன்னிடம் போய்க் கேட்பேனா?

தாளில் சொன்னபடி மூன்று வேளையும் கடிகாரம் பார்த்துச் செய்தேன். தசையை இறுக்கவும், ஐந்து எண்ணவும், தளர்த்தவும். ஒரு நாள் தவறவில்லை. பலன் இல்லை.

மூன்றாம் மாதம் சோழவந்தான் கல்யாணம். சமயநல்லூர் வந்ததும் நான் எழுந்தேன். "எனக்கு வேணாம்டி. நீ எறங்கணுமா?" என்றாய். நான் உட்கார்ந்துவிட்டேன். சற்று நேரத்தில் கண்டக்டர் ஏதோ சொல்ல, காலைக் குறுக்கே போடாமல், வயிற்றைப் பிடிக்காமல், வாய் விட்டுச் சிரித்தாய். நீ கட்டியிருந்தது சந்தன நிறப் பட்டு. அந்தச் சேலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னுடைய பழுப்பில் எதுவும் தெரியவில்லை. ஆனால் ஊர் வரும்வரை ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மாத ஆராய்ச்சியின் கடைசி நாள் படிவம் கொடுத்தார்கள். பிசியோதெரபிப் பெண் சொன்னாள்: "அம்மா, இந்தப் பயிற்சியால பலன் உண்டாங்கிறது பழைய கேள்வி. உண்டுன்னு தெரிஞ்சுபோச்சு. யாருக்கு ஆள் பக்கத்துல இருந்து சொல்லித் தரணும், யாருக்குத் தாள் போதும், போன்ல பாத்துச் செய்றவங்க எம்புட்டு நாள் விடாமச் செய்றாங்க, வயசானவங்களுக்கு எது ஒத்துவருது, இதத்தான் இப்ப ஆராயறாங்க. அதனால உள்ளத எழுதுங்க."

நீ என் தோள்வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். கசிவு இருக்கிறதா? 'இல்லை' என்று எழுதினேன். தாள் போதுமானதாக இருந்ததா? 'ஆம்'.

"அடிப்பாவி, பேப்பரப் பாத்தே சரியாயிருச்சா!" என்றாய். தாள் குழுவினர் விரும்பினால் இனி வகுப்பில் சேரலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது, "எனக்குத் தேவையில்லை" என்றேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் உன் கோணல் எழுத்து: "மூச்சைப் பிடிக்கக் கூடாது. கீழே முக்கக் கூடாது. உள்ளே, மேலே இழுக்கணும்." நான் மூச்சைப் பிடித்து முக்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமும், அதன் பிறகு பிடிவாதமாக நேற்றுவரையும். நேரம் சரி, எண்ணிக்கை சரி, செய்தது தலைகீழ். தாளுக்கு என் வயிற்றில் கை வைத்துப் பார்க்கத் தெரியாதே.

நடுப்பக்கம் ஒன்றில்: "அவ பேப்பரப் பாத்தே ஜெயிச்சுட்டா. என் மரமண்டைக்கு ஆள் வேண்டியிருக்கு. அவ கெட்டிக்காரி." அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. நீயும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாய் என்ற மகிழ்ச்சி. காப்பி ஆறும்வரை அது இருந்தது. பிறகுதான் உறைத்தது: அந்த மருத்துவமனைப் படிவத்தில் நான் எழுதிய 'ஆம்' இன்னும் இருக்கிறது. தாள் போதும் என்பவர்களின் பக்கத்தில் அதையும் சேர்த்திருப்பார்கள். அதை நம்பி எவளோ ஒருத்தி கையில் தாளை மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அவளும் கீழே முக்குவாள்.

பொறாமை போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்னொரு பொய் வேண்டாம். நீ கடைசிவரை நினைத்த இடத்துக்குப் போய் வந்தாய். அது என் நெஞ்சில் இப்போதும் குத்துகிறது. இருக்கட்டும்.

இந்த மடலின் நகல் அந்தப் பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போகிறது. இனி வருவது அவளுக்கு: அம்மா, என் இரண்டு பதில்களும் பொய். கசிவு நிற்கவில்லை, தாள் எனக்குப் போதவில்லை. அவற்றை இப்போது திருத்த முடியுமா? வகுப்பில் எனக்கு இடம் உண்டா? தொலைபேசியில் வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்.