ஆறு பேருக்கு மேல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒருவர் வந்தார். கையில் கோப்பு, இடுப்பில் அளவு நாடா. நகராட்சியிலிருந்து என்றார். பட்டறை வாசலின் அகலத்தை அளந்தார். உள்ளே வந்து நாலு சுவரையும் பார்த்தார், வேலை செய்கிறவர்களை விரல் நீட்டி எண்ணினார், எழுதிக்கொண்டார். என்ன சார் விஷயம் என்று கேட்டேன். "தகவல் வரும்மா" என்றார். தண்ணீர் தரட்டுமா என்றதற்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினாறு வருடமாக அட்டைப் பெட்டி செய்கிறேன். செருப்புக் கடைக்கு, கேக் கடைக்கு, மருந்து கம்பெனிக்கு. அட்டை வெட்ட ஒரு மெஷின், மடிப்புக் கோடு போட ஒரு மெஷின், பசை ஒட்ட ஒரு நீள மேஜை, எட்டுப் பேர். வரி கட்டுவதில் ஒரு நாள் தாமதித்ததில்லை. இருந்தும் ஓர் ஆள் நாடாவை இழுத்ததும் பயந்துவிட்டேன். தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம்?

எது தப்பு என்று முடிவு செய்கிறவள் நான் இல்லையே. அதுதான் பயம்.

மார்ச் 5

வாசலை நானும் அளந்தேன். இரண்டு தடவை. அளந்து என்ன தெரிந்துகொண்டேன்? ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சிறுதொழில் சங்கக் கூட்டம். நாடாக்காரர் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து பட்டறைக்குப் போயிருக்கிறார். எல்லோருக்கும் அதே "தகவல் வரும்". தலைவர் யாராவது பேசுங்கள் என்றார். ஆளாளுக்குச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன பிடித்ததோ, எழுந்துவிட்டேன்.

"எங்களுக்கு எதுவும் குடுக்க வேண்டாம். மானியம் வேண்டாம், சலுகை வேண்டாம். வரி கேட்டா கட்டறோம். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான். என்ன செய்யணும்னு முன்னாடியே சொல்லிட்டு, செய்ய விட்டுட்டு, ஒதுங்கி நில்லுங்க. பெரிய கம்பெனியில விதியைப் படிக்கறதுக்குன்னே தனி ஆபீஸ் வச்சிருக்கான். என் பட்டறையில பசை காய்ச்சறதும் நான்தான், விதியைப் படிக்கறதும் நான்தான். வருஷத்துக்கு நாலு புது விதி வந்தா நான் எப்பதான் பெட்டி செய்யறது?"

கைதட்டினார்கள். உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். யார் அவர்?

மார்ச் 11

பத்திரிகைக்காரராம். உள்ளூர்ச் செய்தியில் என் படம். வாய் பிளந்தபடி, விரல் நீட்டியபடி. "அரசே, ஒதுங்கி நில்!" என்று தலைப்பு. நான் அப்படியா சொன்னேன்? "நில்லுங்க" என்றல்லவா சொன்னேன்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் படத்தைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தார். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். "முதலாளியம்மா, உங்க வரியிலதான் எனக்குச் சம்பளம். கோபத்துல கட்டாம விட்டுடாதீங்க" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த விதிகள் சும்மா வருவதில்லை, எங்கேயோ ஒரு பட்டறையில் தீப்பிடித்து ஒரே வாசலில் ஆட்கள் நெரிந்து செத்திருப்பார்கள், அதற்குப் பிறகு ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்றார். அப்படியென்றால் அந்தக் காரணத்தைச் சொல்லட்டுமே, ஏன் திருடனைப் பிடிக்க வருவது போல் வருகிறார்கள் என்றேன்.

பட்டறைச் சுவரில் யாரோ படத்தை ஒட்டியிருந்தார்கள். மின்னல்தான். பெட்டி மடிப்பதில் அவள் வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர். "நம்ம அக்கா பேப்பர்ல வந்துட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். கிழித்துவிடு என்றேன். அவள் முகம் சுண்டிப் போனது.

மார்ச் 17, திங்கள்

எங்கள் தெருவில் எதிர்ப்பக்கம் சோபா தைக்கிற சோபாக்காரர் கடைக்கு சீல்.

மூன்று பேர் வந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஷட்டரை இறக்கி, பூட்டி, பூட்டின்மேல் துணி சுற்றி, அரக்கு வைத்து, காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். சோபாக்காரர் நடைபாதையில் நின்றார். பாதி தைத்த மெத்தை உறை ஒன்று அவர் தோளிலேயே கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் போய்ப் பேசியிருக்க வேண்டும். போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒதுங்கி நிற்கச் சொன்னவள்!

மார்ச் 19

எனக்கும் வந்துவிட்டது. பதிவுத் தபால்.

இரண்டு பக்கம். ஏழு தடவை படித்தபின் புரிந்தது இது. மின்சார எந்திரம் வைத்து, ஆறு பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டு வாசல் வேண்டும். எனக்கு ஒன்றுதான். ஏப்ரல் 22 அன்று விசாரணை. ஏன் மூடக் கூடாது என்று நேரில் காரணம் சொல்ல வேண்டுமாம்.

ஏன் மூடக் கூடாது! பதினாறு வருடமாக ஒரு நாளாவது ஏன் திறந்திருக்கிறாய் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?

படம் வந்து எட்டு நாள்தான் ஆகிறது. பேச்சுக்குத்தான் இது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 22

இவரைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு விசாரித்தாராம். உங்கள் வீட்டம்மா அரசியலில் இறங்குகிறார்களா என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அந்தச் சிரிப்பை இவர் எனக்கு நடித்துக் காட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. இடமாற்றம் போட்டுவிடுவார்களோ என்று சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மருந்து கம்பெனியிலிருந்தும் போன். உங்கள் பக்கம் ஏதோ பிரச்சினை என்று கேள்விப்பட்டோம், அடுத்த மாத ஆர்டரைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். யார் சொன்னது? தெருவில் தெரியாத ஆள் எதிரே வந்தால் இடுப்பில் நாடா இருக்கிறதா என்று கண் போகிறது. பைத்தியம் பிடிக்கப் போகிறது எனக்கு.

மார்ச் 24, திங்கள்

சோபாக்காரர் கடை திறந்துவிட்டது! அரக்கும் இல்லை, காகிதமும் இல்லை. இரண்டாவது வாசலும் இல்லை. எப்படி என்று கேட்டேன். நகராட்சி வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறாராம், "பார்த்துக்கொள்வாராம்". என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். இவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாமளும் குடுத்துடலாம்."

"நீங்களா சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். எனக்கு பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அரசாங்கம் என்றால் கோயில் மாதிரி பேசுகிற மனுஷன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சட்டத்தை மதி என்று சொல்லிக் கொடுக்கிறவர். எனக்குக் கோபம் வரவில்லை, இன்னும் பயமாகிவிட்டது. இவரே இப்படி ஆகிவிட்டார் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

குடுக்க மாட்டேன் என்றேன். வீம்பு இல்லை. இந்த வருடம் கொடுத்தால் அந்த ஆளுக்கு என் வாசல் தெரிந்துவிடும். வருடா வருடம் வருவார். சட்டப்படி வருகிற வரிக்கு ஒரு ரசீதாவது உண்டு, ஒரு எல்லையாவது உண்டு. இதற்கு என்ன உண்டு?

ஜன்னல் சாத்தியபடியே இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

இன்று செய்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆறு பேருக்கு மேல் என்றால்தானே அந்த விதி? ஆறு பேரே இருந்தால்? கடைசியாகச் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், மின்னலும், பாடிக்கொண்டே பசை ஒட்டுகிற பாட்டுக்காரியும். வேலை முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னேன். விதியை விளக்கினேன், நோட்டீசைக் காட்டினேன். பாட்டுக்காரி அழுதாள். மின்னல் அழவில்லை. "அப்ப நான் ஏழாவது ஆளாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது — கடவுளே, வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே.

ஏப்ரல் 6

பசை மேஜையில் யாரும் பேசுவதில்லை. அடுத்தது யார் என்று பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். தனியாக. நீள பெஞ்சில் பதினோரு பேர், மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் எல்லாக் காகிதமும். ஆஸ்பத்திரியில் உட்காருவது போல் உட்கார்ந்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் உட்கார்ந்து திரும்பினால், கடைசி நாற்காலியில் இவர். லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடச் சட்டையில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. என்னைப் பார்த்துச் சின்னதாகத் தலையாட்டினார்.

அதிகாரி ஒரு பெண். என் வயதுதான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே கோப்பைப் புரட்டினார். ஆறு பேர்தான் மேடம் என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு தாளைக் காட்டினார்.

"ஆய்வு அன்னிக்கு எட்டுப் பேர். அந்தத் தேதிதான் கணக்கு."

பிறகு அவர் சொன்னது எதுவும் கொஞ்ச நேரம் காதில் விழவில்லை. வீணாகவா அனுப்பினேன் இரண்டு பேரை? பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டாராம். மூன்றாவது தடவைதான் புரிந்தது. சந்து என்றேன். அப்ப அங்கே ஒரு கதவு வைங்க, தொண்ணூறு நாள் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதானா? அவ்வளவேதான்.

எழுந்திருக்காமல் கேட்டேன். நான் கூட்டத்தில் பேசியதற்காகவா இது என்று. அவருக்குப் புரியவில்லை. எந்தக் கூட்டம் என்றார். இந்தப் பட்டியல் ஜனவரியிலேயே போட்டது, உங்கள் தெரு வரிசையில் நாலாவது என்றார். அவர்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஒன்றரை மாதம் நான் பயந்தது யாரைப் பார்த்து? இதற்கு நிம்மதிப்படுவதா, அவமானப்படுவதா?

"முதல் நாளே இந்த ஒரு வரியை அவர் சொல்லியிருக்கலாமே மேடம். கதவு வைங்கன்னு. நான் ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பிட்டேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைச் சரியாகப் பார்த்தார். "அவர் அளந்து எழுதணும். நான் கேட்டு எழுதணும். சொல்லணும்னு யாருக்கும் எழுதி வைக்கலைம்மா" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மே 10, சனி

சுவர் உடைத்தாயிற்று. இரும்புக் கதவு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும். பசை மேஜையை ஓர் அடி நகர்த்த வேண்டியிருந்தது. பசை நெடி போய்விட்டது, சந்துக் காற்று நேராக உள்ளே வருகிறது. கதவு நல்லதுதான். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குப் படாத பாடு படுகிறார்.

மருந்து கம்பெனி ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. ஆறு பேரால் முடியாது.

மே 14

பாட்டுக்காரியிடம் போனேன். நாளையிலிருந்து வருகிறாள். வாசலிலேயே சரி என்று சொல்லிவிட்டாள். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

மே 17, சனி

மின்னல் வீடு மாடியில். படியேறும்போதே என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தேன். மூன்றும் தேவைப்படவில்லை. அவளுக்கு நகராட்சியில் வேலை கிடைத்திருக்கிறது, துப்புரவுப் பிரிவில். நான் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே கட்டடம். நானூறு பெட்டி ஒரு மணி நேரத்தில் மடிக்கிற கைக்குத் துடைப்பமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கூடுதலாகத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. எனக்கு நாற்காலி போட்டுவிட்டு அவள் நின்றுகொண்டாள்.

"உங்க மேல வருத்தம் இல்லக்கா. உங்களுக்கு பயம் வந்தா என்னை அனுப்பிட்டீங்க. அங்க யாருக்கு பயம் வந்தாலும் நான் போக வேண்டாம்."

என் வரியில்தான் இனி அவளுக்குச் சம்பளம். இந்த மாதமும் தேதி தவறாமல் கட்டிவிட்டேன்.