உன் கடைவாய்ப் பல்லும் அய்யலூர் ஆடும்

வாயெல்லாம் கிராம்பு வாசம், மாப்ள. என் மேல் கடைவாய்ப் பல் ஒன்றை இன்று காலை திண்டுக்கல்லில் பிடுங்கிவிட்டார்கள். "சாயங்காலம் வரைக்கும் பேச்சைக் குறைங்க தாத்தா" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். முன்பென்றால் தவித்துப் போயிருப்பேன். இப்போதுதான் இந்த வயசில் எழுதக் கற்றுக்கொண்டேனே! ஒரு வரி எழுதி முடிக்க வெகு நேரம் ஆகிறது. ஆனாலும் பேசக் கூடாத நாளில் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் பார்.

அதே ஆஸ்பத்திரிதான். நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெஞ்சுகூட அங்கேயே கிடக்கிறது.

வறுத்த புளியங்கொட்டையைக் கடித்தாயே, அன்றைக்குத் தொடங்கியது உன் பாடு. பல் உடையவில்லை, ஆடவில்லை, சொத்தையும் இல்லை. ஆனால் நீ ஒரு பக்கமாகவே மென்றாய். சந்தை நாளில் சாப்பிட உட்கார்ந்தால் உன் கறியை என் இலைக்குத் தள்ளினாய். "கடிக்கும்போது வலிக்கல மாப்ள. கடிச்சிட்டு விடும்போதுதான் சுருக்குங்குது. இதச் சொன்னா எவன் நம்புவான்?" என்றாய். நான் நம்பினேன். கறியை விட்டுக்கொடுக்கிற ஆளா நீ?

டாக்டரிடம் போகலாம் என்றால் சீறினாய். "மேல் பல்லப் பிடுங்கினா கண்ணு போயிரும்லே. அப்புறம் எவன் என்னை நம்பி ஆடு வாங்குவான்?" ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்த்து வயசு சொல்லும் தரகன் நீ. கண்தான் உனக்குச் சோறு. ஆனால் சோறு இறங்காமல் நீ மெலிந்துகொண்டே வந்தாய். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் அய்யலூர்ச் சந்தையில் நீ ஒரு கிடாயின் வாயைத் திறந்து பிடித்திருந்தாய். நான் சும்மா கேட்டு வைத்தேன். "மேல் வரிசையில முன்பல்லு எத்தனை மாப்ள?"

"ஏலே, ஆட்டுக்கு ஏதுடா மேல முன்பல்லு? வெறும் ஈறுதான். இம்புட்டு வருசம் என்கூடச் சுத்தி இதுகூடத் தெரியலையா?"

"அப்ப அதுக்குக் கண்ணு தெரியாதோ?"

நீ கிடாயைப் பார்த்தாய். அது உன்னை மதிக்கவே இல்லை. தூரத்தில் ஒரு அம்மா கொண்டுபோன முருங்கைக் கொப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ சிரித்தாய், சிரித்த வேகத்தில் பல்லும் பல்லும் மோதி "அய்யோ" என்றாய். அந்தச் சூட்டோடு பஸ் ஏற்றித் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

டாக்டரம்மா பல் பல்லாக ஒரு குச்சியை வைத்து, "கடிங்க, விடுங்க" என்றார். ஒரு பல்லில் விடும்போது நீ நாற்காலியை விட்டுத் துள்ளினாய். "இதான். எக்ஸ்ரேல தெரியல, ஆனா விரிசல் இருக்கு. கடிக்கும்போது லேசா விலகும், விட்டதும் சட்டுனு சேரும். அப்பத்தான் வலி. பிடுங்க வேண்டாம்யா. உலக்கை பிளக்காம பூண் போடுறோம்ல, அது மாதிரி பல்லு மேல உறையாட்டம் ஒரு கேப் போடுவோம். விரிசல் ஒட்டாது, ஆனா பரவ விடாது. நாளக் கடத்துனா வேருக்கு இறங்கிரும், அப்ப எடுக்கத்தான் வேணும்" என்றார்.

"பூண் போட்டா உரல்ல இடிக்கலாமா தாயி?" என்று கேட்டாய். அந்த நிலைமையிலும் உனக்கு வாய் அடங்கவில்லை!

அதற்கப்புறம் உன் கறி உன் இலையிலேயே இருந்தது. நீ கண்ணை மூடும் வரைக்கும் அந்தப் பல் உனக்கு உழைத்தது. ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டுக் கதையை நீயே கண்டுபிடித்த மாதிரி சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாய். "கேட்டது நான்லே" என்றால், "ஆடு என் ஆடு" என்பாய்.

என் பல்லில் விரிசல் வேர்வரை இறங்கிவிட்டதாம். போகட்டும். காலையில் என் பக்கத்தில் ஒரு பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, எழுந்து போய்விடலாமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. "மேல் பல்லு தாத்தா. கண்ணு போயிருமாம்ல?" என்றது. கிடாய் கதையைச் சொன்னேன். வலியோடு வலியாகச் சிரித்தது.

"யாரு தாத்தா இதக் கண்டுபிடிச்சது?"

"என் சேக்காளி" என்றேன்.

அதன் பேரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை சேலையை உதறிக்கொண்டு எழுந்து, வாசலைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது.