உன் கீபோர்டில் எனக்கிருந்த இடம்

என் அன்பு அக்கா,

தேவலோகத்துக் கல்யாணக் கச்சேரிகளை எல்லாம் இந்நேரம் நீயே மொத்தமாகப் பிடித்திருப்பாய். அங்கே கரண்ட் போகாது என்பதால் ரம்பையும் ஊர்வசியும் கால் வலித்து ஓய்ந்திருப்பார்கள். இங்கே அடி அண்ணாமலையில் உன் கீபோர்டைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ கண்ணை மூடியதிலிருந்து உன் மகள் பவானிதான் அதை வாசிக்கிறாள். மேடையை விட்டு இறங்கினால் யாராவது ஒருவர், "அப்படியே உங்கம்மா வாசிச்ச மாதிரியே இருந்துச்சும்மா" என்கிறார். முதலில் அழுதாள். இப்போது குனிந்து ஒயரைச் சுற்றுகிறாள்.

போன மாதம் கீபோர்டில் தானே ஒரு புதுச் சத்தம் செய்தாள். வயலினையும் புல்லாங்குழலையும் கலந்து, மெதுவாக எழும்பும்படி வைத்து, கொஞ்சம் எதிரொலி சேர்த்தாள். அதைக் கேட்க மலை ஒரு முழம் நகர்ந்து நம் வாசலுக்கே வந்துவிட்டது, அக்கா. நம்ப மாட்டாய். சரி, நான் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றேன் என்பதையாவது நம்பு.

ஆனால் அதைச் சேமிக்க இடமில்லை. நாமே செய்யும் சத்தங்களுக்கு அந்தப் பெட்டியில் இருப்பது பத்தே இடம். பத்தையும் நீ வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொரு சத்தம் செய்து, பெயர் போட்டு நிரப்பிவிட்டுப் போய்விட்டாய். ஒன்றின் மேல் புதிதைப் பதித்தால் பழையது போச்சு.

"செல்லுல பதிஞ்சு வெச்சுக்கலாமே" என்றேன்.

"கேக்கலாம் மாமா. வாசிக்க முடியாதே."

"அப்போ எதை எடுக்கப் போற?"

"ஒண்ணும் வேணாம். அம்மாவோடதை வெச்சே வாசிச்சுட்டுப் போறேன்."

சுவிட்சை அணைத்தாள். சேமிக்காததால் அவள் செய்தது அத்தோடு அழிந்தது. மறுநாள் திரும்பச் செய்தாள், திரும்ப அணைத்தாள். எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

பத்தில் ஒன்று என் பெயரில் இருந்ததே, அந்த மகா காவியம்! எக்காளமாகத் தொடங்கி, பித்தளை அண்டா படிக்கட்டில் உருள்வதாக முடியும். எந்தப் பாட்டுக்கும் உதவாது. மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக நுழையும்போது மட்டும் அழுத்துவாய். மண்டபம் சிரிக்கும். நீ, ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பாய்.

"என்னோடதை எடுத்துடு பவானி."

"சும்மா இருங்க மாமா. அது நீங்க."

"நான்தான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேனே! என்னை எதுக்குப் பெட்டியில வேற வெக்கணும்?"

சிரித்தாள். என் சத்தத்தை ஒருமுறை வாசித்தாள். அண்டா உருண்டு ஓய்ந்தது. அழிக்கலாமா என்று திரை கேட்டபோது அவள் விரல் நின்றுவிட்டது. நான்தான் அழுத்தினேன்.

கோபமா, அக்கா? உன் காதில் நான் எப்படி விழுந்தேன் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சியாக இருந்தது. இப்போது அது எங்கே போயிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர்க் கல்யாணத்தில் அவள் சத்தத்தை வாசித்தாள். பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "இது இன்னாம்மா, புதுசா கீது?"

"என்னோடதுங்க" என்றாள். அன்று ஒயரைச் சுற்ற மறந்துவிட்டாள்.

இனி நிறையச் செய்வாள், இடம் கேட்பாள். உன் ஒன்பதும் ஒவ்வொன்றாகப் போகும். நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றும் போவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அது ஓயும்வரை கேட்பேன். நான் வாயைத் திறக்காமல் இருப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
பவானியின் தாய்மாமன்