மைக் பிடித்த வாயும் மடுத்தீன் அண்ணையின் துவக்கும்

அன்பு மகன் மயூரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பாரிஸ் லாச்சப்பலில் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் வேறு கட்சி. ஹூஸ்டனில் நீ, மருமகள், பேத்தி பூரணி மூவரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். உன் பெற்றோல் செட்டுக் கடையில் கள்ளன் புகுந்த பிறகு, மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் வைக்க ஒரு பிஸ்டல் துவக்கு வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை, ஆகவே எனக்கும் இல்லை.

போன ஞாயிறு இங்கே ஒரு கூத்து நடந்தது கேள். துவக்குச் சண்டைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற நிருபா என்ற பிள்ளையும் எங்கள் ஊர்ச் சங்கமும் சேர்ந்து, வீட்டில் துவக்கு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு நாள் வைத்தோம். பொலிசும் சம்மதம், பெயர் கேட்பதில்லை. ஒரு பெயர் வெளியே போனாலும் இனி ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அந்தப் பிள்ளை பத்துத்தரம் சொன்னது, நானும் பத்துத்தரம் தலையாட்டினேன். ஆனால் மைக்கை என் கையில் தரலாமோ? இருபது வருடமாக மாதா கோவில் பெருநாளில் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் வாசிக்கிற வாய் இது.

மத்தியானம் வரை வந்தது இரண்டு விளையாட்டுத் துவக்கும், சாரதாதேவி அக்கா கொண்டுவந்த காஸ் அடுப்புப் பற்றவைக்கிற துவக்கும்தான். பிறகு மரக்கறிக்கடை மடுத்தீன் அண்ணை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, பைக்குள் முருங்கைக்காய்க்குக் கீழே இருந்து உண்மையான பிஸ்டல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குப் புல்லரித்துப்போனது. "இதை அன்பளிப்பாக வழங்கியவர்கள் நாரந்தனையைச் சேர்ந்த திரு மடுத்தீன் குடும்பத்தினர்" என்று முழங்கிவிட்டேன். நிருபா தலையில் கைவைத்தபடி இருந்துவிட்டது.

குடும்பத்தினருக்கு அது அதுவரை தெரியாது. வந்தவர்களுக்குத் தின்ன ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி பேர்ளி அகப்பையோடு வந்து, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டா. அரிசி வாளிக்குள் என்று மனுசன் உண்மையைச் சொல்லிவிட்டார். "பேத்தி அரிசி அளக்கிற சுண்டு விட்டு விளையாடுற வாளியெல்லோ அப்பா அது" என்றா. அகப்பை கீழே விழுந்தது. பிறகு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் சங்கத்துக்கு ராஜினாமா எழுதிக்கொண்டிருக்க, அந்தக் கிழமையே இதைக் கேள்விப்பட்ட பெண்கள் தங்கள் வீட்டு வாளி, பெட்டி எல்லாம் கிண்டி இன்னும் மூன்று துவக்குக் கொண்டுவந்தார்கள். என் பிழையையும் நிருபா கொப்பியில் எழுதிக்கொண்டது, ஆராய்ச்சியாம்.

மகன், வாங்கியிருந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, நான் வாய் திறக்கமாட்டேன். வாங்காவிட்டால் வாங்காதே. கள்ளன் கேட்டதைக் கொடு, கடை போனால் இன்னொரு கடை. நேற்று நீ அனுப்பின வீடியோவை அம்மா ஏழுதரம் பார்த்தா. பூரணி உன் கடை மேசைக்குக் கீழே நின்று லாச்சியை இழுத்து இழுத்துத் திறக்கிறாள்.

மாதா உங்களைக் காப்பாளாக. பதிலை இன்றைக்கே போடு.

உன் அப்பா,
தர்மராசா (மைக் பறிக்கப்பட்டவர்)