அப்பாவுக்க பாஸ்வேர்டை மாத்திட்டேன்

பூதப்பாண்டி
5-11-2012

அன்பு மகள் ஆதிராவுக்கு அம்மை எழுதியது. பூதலிங்கசாமி காவல்ல நான் சொகமா இருக்கேன். நீயும் மருமவனும் வயித்துல கெடக்க பிள்ளையும் ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு வெளக்கு ஏத்தும்போதெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கேன். போன் இருக்கும்போ என்னத்துக்கு காயிதம்னு நீ சிரிப்ப. போன்ல அப்பா பேச்ச எடுத்ததும் போன தடவை வச்சிட்டேல்லா. மெயில்ல எழுதலாம்னா அத நீ மட்டும் தான் வாசிப்பியான்னு எனக்கு இப்போ நிச்சயமில்ல. அதான் உனக்க ஆசுபத்திரி நர்ஸ் சகாயசெல்வி லீவு முடிஞ்சு மஸ்கட்டுக்குத் திரும்புதா, அவ கையில குடுத்து விடுதேன். கூட ஏத்தங்கா சிப்ஸும் முந்திரிக்கொத்தும் இருக்கு. முந்திரிக்கொத்து நெறைய திங்காதே, ஏழாம் மாசம் நெஞ்சு எரியும். இஞ்ச மழை விடாம அடிக்கு, பழையாறு நெறஞ்சு போகுது, வயல்ல எறங்க முடியல. பசு கெடாரிக்கண்ணு போட்டிருக்கு, தாய மாதிரியே நெத்தியில வெள்ளை.

சரி, விசயத்துக்கு வாறேன். மருமவன் போன வாரம் என்னைய போன்ல விளிச்சாரு. தங்கமான மனுசன், உன்னையப் பத்தி ஒரு குத்தமும் சொல்லல. வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால போய் இருக்கா அத்தே, தனியா சிரிக்கா, மாமாவுக்கு மெயில் எழுதுதாளாம், மாமா பதில் போடுதாராம், ஊருக்கு டிக்கெட் எடுத்துட்டா, நான் கூட வராண்டாம்னு சொல்லுதான்னாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஏட்டி, உங்கப்பா செத்து நாலு மாசம் ஆச்சு. திற்பரப்பு அருவியில குளிக்கப் போன மனுசன் பாறை வழுக்கி விழுந்து, கொண்டுவந்து கெடத்தினப்போ தலைமுடியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு கெடந்துது. நீயும் வந்து மொகம் பாத்து அழுதுட்டு தானே போன. செத்தவருக்கு நீ எழுதுதது எனக்குப் புரியாம இல்ல, நானும் சோறு வடிக்கும்போ அவருகிட்ட தான் பேசுதேன். ஆனா பதில் வந்தா பயப்படாண்டாமா? எழுதினவன் யாருன்னு கேக்காண்டாமா? சந்தோசப்படவா செய்வாங்க!

குமாரதாஸ் நெட் சென்டருக்குப் போனேன். அப்பாவுக்க மெயில் பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும், கண்ணாடிய மறந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் என்னைய விட்டு தான் அடிப்பாரு. உனக்க பேரும் நீ பொறந்த வருசமும். குமாரதாஸ் தொறந்து வாசிச்சான். நீ எழுதினதும் கெடக்கு, அவரு பேருல பதிலும் கெடக்கு. அவர மாதிரியே இங்கிலீஷ் எழுத்துல தமிழு, ஒவ்வொண்ணும் முடியும்போ ‘வேற ஒண்ணும் இல்ல’. எவனோ களவாணிப்பய பாஸ்வேர்டைப் பிடிச்சு, பழைய மெயிலெல்லாம் வாசிச்சுப் பாத்து அதே மாதிரி எழுதுதான் மாமி, மாத்திட்டா தீந்துதுன்னு குமாரதாஸ் சொன்னான். நானும் அப்படித்தான் நெனச்சேன், நெஞ்சு கூட லேசாச்சு. பொறவு அவன் ஒண்ணு வாசிச்சான் பாரு. ‘உங்கம்மை எனக்க எண்ணெக் குப்பிய அரிசிப் பானைக்குப் பொறத்தே ஒளிச்சு வச்சிருக்கா, எண்ணெ இல்லாம எப்பிடிக் குளிக்க.’ மக்கா, பதினாறாம் நாள் அடியந்திரம் முடிஞ்ச அன்னைக்கு அந்தக் குப்பிய கண்ணால பாக்க முடியாம நான் தான் அங்க வச்சேன். யாருகிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல. எந்தக் களவாணிக்கு அது தெரியும்?

கடைசியா வந்த ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்துது. ‘ஆதிரா, திற்பரப்புல தண்ணி நல்லா விழுது. குளிக்கப் போவோம். வா மக்கா.’ நீ டிக்கெட் எடுத்தியே தவிர அந்த ரெண்டுக்கும் இன்னும் பதில் எழுதல, நல்ல காலம். நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பொறத்தே நின்னு பேரு சொல்லி விளிச்சா மூணு விளி கேக்காம ஏன்னு கேக்கப்பிடாது, பதில் குரலே குடுக்கப்பிடாது. மனுசன்னா மூணாவதும் விளிப்பான், மத்ததுக்கு ரெண்டோட சரி. நீ படிச்சவ, மஸ்கட்ல ஏசியில இருக்கவ, உனக்கு இது சிரிப்பா இருக்கும். சிரிச்சுக்கோ, ஆனா ஏன்னு கேக்காதே. தலைப்பேறுக்கு மகள வராண்டாம்னு சொல்லுத அம்மை ஊர்ல எவளும் கெடையாது, நான் சொல்லுதேன். வராதே. உனக்கு வளைகாப்பு நடத்தணும், வீட்டு நடுமுறியில கட்டில் போட்டு உன்னையப் படுக்க வைக்கணும்னு எனக்கு எவ்வளவு கொதி இருந்துதுன்னு சாமிக்குத் தெரியும். எனக்க பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் வந்து விசாரிச்சுட்டுப் போயாச்சு, நானே அங்க வந்து பாத்துக்கிடுவேன்.

பாஸ்வேர்டை மாத்தியாச்சு. ஒளிச்சு வச்சா நீ தேடித் திரிவ, அதனால சொல்லிருதேன். வயித்துப் பிள்ளை மேல ஆணை, தொறக்காதே. யாரும் நெனைக்காத ஒண்ணா வையுங்க மாமின்னு குமாரதாஸ் சொன்னான், நான் எனக்க பேர வச்சேன். சொந்தப் பேர வைக்கப்பிடாதுன்னு ஒரே சண்டை. அவனுக்கு என்ன தெரியும். உங்கப்பா எனக்க பேரச் சொல்லி விளிச்சு நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா? ‘இன்னா’, ‘கேட்டியா’, கோவம் வந்தா ‘ஏட்டி’, ஆளுக முன்னால ‘ஆதிராக்க அம்மை’. அவரு வாயில எனக்க பேரு எப்பிடி இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்த மனுசனுக்கு உனக்க பேரு தான் எப்பவும் நாக்குல. விளிக்கதும் உன்னையத்தான் விளிக்காரு, கட்டின பொண்டாட்டி இஞ்ச குத்துக்கல்லாட்டம் இருக்கும்போ!

யாராவது தொறக்கப் பாத்தா தெரியட்டும்னு குமாரதாஸ் எனக்க போன் நம்பர அதுல குடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ் வந்துது. இன்னைக்குக் காலையில இன்னொண்ணு. யாரோ பாஸ்வேர்ட் அடிச்சுப் பாத்திருக்காங்க, தப்பாயிட்டுதுன்னு வாசிச்சுச் சொன்னான். அது நீயா இருந்தா போன்ல ஒரு வார்த்தை சொல்லிரு, நான் நிம்மதியா ஒறங்குவேன். நீ இல்லேன்னா, ரெண்டு தடவை ஆச்சு.

நீயும் மருமவனும் நல்லா இருக்கணும், எனக்க பேரப்பிள்ளை ஆயுசோட கெடக்கணும். கீரை தின்னு, படியில பைய எறங்கு, டிக்கெட்ட மறக்காம கேன்சல் பண்ணு. மூணாவது வந்தா அது எனக்குள்ளது. உள்ள வரணும்னா எனக்க பேரச் சொல்லித்தான் வரணும், சொல்லிட்டாருன்னா அது அவரு தான், நான் ஏன்னு கேப்பேன். எண்ணெக் குப்பிய எடுத்து தொடச்சு குளிமுறி வாசல்ல வச்சிருக்கேன். நான் அங்க வந்து சேரலேன்னா மருமவனுக்க அம்மைய கூட்டிக்கோ, அவங்களும் உன்னைய நல்லா பாத்துக்கிடுவாங்க.

இப்படிக்கு
உனக்க அம்மை
பகவதியம்மாள்