பதில் கசெற் வராது

அஜ்மான்

அன்பு மகளுக்கு,

நீ பேசி அனுப்பிய கசெற் கிடைத்தது. வழக்கம்போல அதன் மேலேயே என் பதிலைப் பேசித் திருப்பி அனுப்பவில்லை என்று கோபிக்காதே.

உன் பேச்சு முடிந்ததும் ட்ரம்பெட் கேட்டது. அறுபத்திரண்டில் வந்த ஜாஸ் இசைத்தட்டை, ரேடியோகிராமின் முன்னால் மைக் வைத்து அப்பா பதிந்த கசெற் அது. நீ பார்க்காமல் எடுத்து அதன் மேல் பேசியிருக்கிறாய். நடுவில் என் குரல்: "தேத்தண்ணி ஆறுது, வாங்கோ." உடனே அவர்: "இஞ்சேரும், கத்தாதையும். பதியுது."

அவர் காலமான பிறகு என்னை அதட்ட ஒருவருமில்லை.

அந்த இசை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. "என்னம்மா, அதையே போடுறியள்?" என்று இங்கே உன் அண்ணா சிரிக்கிறான்.

அங்கே வீட்டிலிருக்கும் அப்பாவின் மற்றக் கசெற்றுகளில் பேசாதே, அப்படியே அனுப்பு. உன் செய்திகளை இனிக் கடிதத்தில் எழுது, பிழையில்லாமல்.

அம்மா