ஆடிக்கு வந்த அக்காவின் டெஸ்ட்

ஆடி 12
அக்கா தன் பாவாடையை மட்டும் தனியாகத் துவைத்து, துண்டுக்கு அடியில் காயப்போட்டிருந்தாள். காற்றில் துண்டு விலகியதால் தெரிந்தது. கல்யாணமாகி முதல் ஆடிக்கு வந்திருக்கிறாள். ஆவணி பிறந்ததும் மச்சான் வந்து கூட்டிப்போவார்.

கேட்டேன். எரிச்சல், வாடை. கல்யாணமான மறுமாதத்திலிருந்து. "அம்மாட்ட சொல்லிராத."

என் போனில் டாக்டர் ஆப் இருக்கிறது. வீடியோவில் பார்க்கலாம் என்றேன்.

ஆடி 13
தோட்டத்து மோட்டார் ரூம். டவர் கிடைக்கும், ஆள் வராது. பெண் டாக்டர். அக்கா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள். போனைப் பிடித்தது நான்.

"வேற யார்கூடயாவது பழக்கம்...?"

"ஐயோ, இல்ல மேடம்."

"கணவருக்கு?"

அக்கா சுவிட்ச் போர்டைப் பார்த்தாள்.

"பால்வினைத் தொற்றான்னு டெஸ்ட் பண்ணிடலாம். இருந்தா ரெண்டு பேருமே மருந்து எடுக்கணும். ஒருத்தர் மட்டும் எடுத்தா திரும்ப வரும்."

லேப் ஆட்கள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்களாம். வேண்டாம் என்றோம். பெட்டி கட்டிய பைக்கைப் பார்த்தால் தெருவே கூடிவிடும்.

ஆடி 15
திண்டுக்கல். அம்மாவிடம் ஆடித் தள்ளுபடி என்று சொன்னோம். பஸ்ஸில் பக்கத்து வீட்டுச் சித்தி. "மாப்ளய விட்டுட்டு இம்புட்டு நாளு எப்டிடி இருக்க?" அக்கா சிரித்தாள். தெரியாதிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

லேபில் ரத்தம், சிறுநீர். ரிப்போர்ட் அனுப்ப போன் நம்பர் கேட்டதும் அக்கா கடகடவென்று சொன்னாள். திரும்பும்போது, பஸ் எரியோடு ஊரைத் தாண்டியதும், என் கையைப் பிடித்தாள்.

"ஏடி, அவுக நம்பரக் குடுத்துட்டேன்."

கேஸ், ரேஷன், பேங்க், கல்யாணத்துக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மச்சான் நம்பர்தான். வாய் பழகிவிட்டது. லேபுக்குப் போன் செய்தேன். மாற்ற வேண்டுமானால் அக்காவே நேரில் வர வேண்டுமாம். அம்மா இன்னொரு முறை விடமாட்டாள்.

வாங்கியது: நைட்டி ஒன்று, ஹேர்பின். பை மட்டும் பெரியது.

ஆடி 18
பெருக்கு. வெயில். அம்மா அக்காவுக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. மச்சான், திருப்பூரிலிருந்து. அவரிடம் "சாப்ட்டீங்களா" தாண்டி நான் பேசியதில்லை. கொல்லைக்குப் போனேன்.

"ஏதோ ரிப்போர்ட் வந்திருக்கு. அக்கா பேரு. பாசிட்டிவ்னு போட்டிருக்கு."

"ம்."

பின்னால் பஸ் சத்தம்.

"ஆம்பளைக்கும் இதுக்கு மாத்திர உண்டா பாப்பா? எனக்குக் கல்யாணத்துக்கு முன்னயே இருந்துச்சு."

உண்டு என்றேன். வைத்துவிட்டேன்.

அக்கா வந்தாள். கழுத்தில் கயிறு ஈரம். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"முன்னயே தெரியுமாமா?" என்றாள். "ஆவணி பொறந்தா வர வேணாம்னு சொல்லு. மொத டாக்டரப் பாத்து மாத்திரய முடிக்கட்டும். நானும் முடிக்கிறேன். பெறகு பேசிக்கலாம்."

உள்ளேயிருந்து அம்மா. "அங்க என்னடி குசுகுசுன்னு? சோறு ஆறுது."

அக்கா சொன்னதை அப்படியே டைப் செய்தேன். 'முடிக்கட்டும்' என்பதை மட்டும் 'முடிங்க மச்சான்' என்று மாற்றினேன். டாக்டர் ஆப் லிங்க்கையும் சேர்த்து அனுப்பினேன்.